கரும்பு வரியும் கதை வரியும்

அரசாங்கச் சம்பளம் வாங்கும் எழுத்தாளன் அந்த அரசாங்கத்தைப் பற்றி உண்மை பேச இயலுமா? இது புதிய வினாவன்று. அரசவைப் புலவர் காலந்தொட்டு இலக்கிய உலகில் எழுந்தும் அடங்கியும் வரும் வினா. எதிர்த்து எழுதியவர்களை எடைபோடுவது எளிது. புகழ்ந்து எழுதியவர்களை எடைபோடுவது அதனினும் எளிது. எதிர்க்கவும் செய்யாமல், புகழவும் செய்யாமல், கண்டதை எழுதிவிட்டு விலகி நின்றவர்களிடத்தில்தான் திறனாய்வாளனின் தராசு தடுமாறுகிறது.

ஜப்பானிய எழுத்தாளர் நகாஜிமா அட்சுஷி அத்தகைய ஒருவர். 1909இல் பிறந்து 1942 டிசம்பரில், முப்பத்து மூன்றாம் வயதில், ஈளை நோய்க்கு இரையானவர். யோகோஹாமாவில் பெண்கள் பள்ளியொன்றில் எட்டாண்டுகள் ஆசிரியராயிருந்த அவர், 1941ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் கப்பலேறிப் பசிபிக் கடலின் பலாவ் தீவுகளுக்குச் சென்றார். வெப்பநாட்டுக் காற்று நோயைத் தணிக்கும் என்ற நம்பிக்கை ஒன்று. குடும்பத்தைக் காக்கக் கூடுதல் ஊதியம் கிடைக்கும் என்ற கணக்கு மற்றொன்று. அவருக்கு அமைந்த பதவி, தீவுச் சிறுவர்களுக்கான ஜப்பானிய மொழிப் பாடநூலைத் திருத்தியமைக்கும் எழுத்தர் பதவி. பதவி தந்தது, நன்யோச்சோ எனப்படும் தென்கடல் ஆட்சியகம்.

அந்த ஒன்பது மாத அனுபவத்தின் விளைவாகப் பிறந்தவையே 'தென் தீவுக் கதைகள்', 'பவழ வளையம்' என்னும் இரு கதைத் தொகுதிகள். இவற்றை வெறும் கடற்கரைச் சித்திரங்களாகப் படிப்போர் உண்டு. அவ்வாறு படித்தால் பாதிதான் கிட்டும். இக்கதைகளின் பின்னணியில் ஓர் அலுவலகமும் ஒரு கம்பெனியும் நிற்கின்றன. அவ்விரண்டையும் அறிந்துகொண்டு படித்தால், கதைகள் சொல்வதும் புலப்படும். சொல்லாமல் விடுவதும் புலப்படும்.

அலுவலகமும் ஆலையும்

முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில், ஜெர்மனியின் வசமிருந்த மரியானா, கரோலைன், மார்ஷல் தீவுகளை ஜப்பானியக் கடற்படை கைப்பற்றியது. 1920இல் சர்வதேச சங்கம் அத்தீவுகளை ஜப்பானின் பொறுப்பாட்சியில் ஒப்படைத்தது. தீவு மக்களின் நலனும் முன்னேற்றமும் நாகரிக உலகின் புனிதப் பொறுப்பு என்பதே அந்த ஒப்படைப்பின் அடிப்படை. அப்பொறுப்பை நிறைவேற்றவென்று 1922இல் பலாவ் தீவுகளின் கொரோரில் நிறுவப்பட்டதே தென்கடல் ஆட்சியகம்.

ஆட்சியகம் பிறப்பதற்கு ஓராண்டு முன்னரே, 1921இல், மற்றொன்று பிறந்துவிட்டது. அதுதான் தென்கடல் வளர்ச்சிக் கம்பெனி. சைப்பான் தீவில் முந்திய நிறுவனங்கள் தொடங்கிய முயற்சிகள் முறிந்து, தொழிலாளர்கள் கைவிடப்பட்டுப் பசியில் கிடந்த வேளை அது. அமெரிக்காவின் லூசியானாவில் சர்க்கரைத் தொழில் பயின்று, தைவானின் ஆலைகளில் அனுபவம் பெற்ற மட்சுயே ஹருஜி என்பவர் முன்வந்தார். மூலதனம் தந்தது கீழ்த்திசை வளர்ச்சிக் கம்பெனி. அது 1908இல் கொரியாவில் நிலம் பிடிப்பதற்கென்று அரசாங்க ஆதரவுடன் தோன்றிய நிறுவனம். வழிமுறையை அளித்தது தைவான் அனுபவம். 1901இல் நிட்டோபே இனசோ அளித்த சர்க்கரைத் தொழில் அறிக்கையை அடியொற்றி, தைவானின் குடியேற்ற அரசாங்கம் புதிய கரும்பு வகைகளை வரவழைத்தது. ஆலைகளுக்கு மானியம் வழங்கியது. எந்த வட்டாரத்துக் கரும்பு எந்த ஆலைக்கு என்று எல்லை வகுத்தது. கொரியாவின் பணமும் தைவானின் பாடமும் இவ்வாறு தென்கடலில் வந்து கூடின.

ஆட்சியகத்துக்கும் கம்பெனிக்கும் இருந்த உறவை விளக்க நீண்ட சொற்பொழிவு வேண்டா, கணக்கேடு போதும். தீவுகளில் உரிமை பதிவாகாத நிலங்களை அரசாங்க நிலம் என்று ஆட்சியகம் அறிவித்துக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டது. கம்பெனி சைப்பானிலும் தினியனிலும் ரோத்தாவிலும் கரும்பு பயிரிட்டு, இருப்புப்பாதை போட்டு, ஆலை நிறுவியது. ஆலையினின்று வெளியேறும் சர்க்கரைக்குத் துறைமுகத்தில் வரி விதிக்கப்பட்டது. அவ்வரியே ஆட்சியகத்தின் உள்ளூர் வருவாயில் பெரும்பங்காயிற்று. 1932 வாக்கில் தோக்கியோவின் மானியம் இன்றியே ஆட்சியகம் நடைபெறலாயிற்று. ஒன்று மற்றொன்றை ஊட்டி வளர்த்தது. எது தாய், எது சேய் என்று பிரித்தறிதல் அரிது.

தீவு மக்கள் ஏறத்தாழ 50,000 பேர். 1930களின் நடுப்பகுதியில் குடியேறிகளின் தொகையும் அந்த அளவை எட்டிவிட்டது. குடியேறிகளில் பெரும்பாலோர் கரும்பு வெட்ட வந்த ஒக்கினாவா ஏழைகள். 1936இல் தென்கடல் குடியேற்றக் கம்பெனி என்ற அரசுசார் நிறுவனமும் தோன்றி, ஆட்சியகம் நேரடியாக நடத்திவந்த அங்காவுர் தீவின் பாஸ்பேட் சுரங்கத்தை ஏற்றுக்கொண்டது. மட்சுயேயின் கம்பெனியோ டச்சு நியூகினி வரை கை நீட்டியிருந்தது. பொறுப்பாட்சித் தீவுகள் ஒரு படிக்கட்டாயின. ஏறிச் செல்ல வேண்டிய மாடி, மேலும் தெற்கே இருந்த ரப்பரும் எண்ணெயும் விளையும் நாடுகள்.

இந்த ஏற்பாட்டில் தீவுச் சிறுவனுக்குக் கிடைத்தது மூன்றாண்டுப் பள்ளி. சிலருக்கு மேலும் இரண்டாண்டு. ஜப்பானியப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. தீவுப் பள்ளியில் பாட நேரத்தின் பாதியளவு ஜப்பானிய மொழிக்கே சென்றது. மேல்வகுப்பு மாணவர் பள்ளி விட்டதும் ஜப்பானியர் வீடுகளில் ஏவல் செய்து 'பயிற்சி' பெற்றனர். அந்தச் சிறுவனின் பாடநூலைத்தான் நகாஜிமா திருத்த வந்தார். அவர் பெற்ற சம்பளத்திலும், அவர் திருத்திய தாளின் மையிலும், துறைமுகத்தில் தண்டிய கரும்பு வரி கலந்திருந்தது.

'எனக்குத் தெரியும்' என்ற குரல்

'கோழி' என்ற கதை ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் தொடங்குகிறது. புதிதாக வந்துள்ள ஆசிரியர் தீவு மாணவர்கள் முன் நின்று முழங்குகிறார். தாம் தீவுப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் கற்பித்தவர். அவர்கள் செய்வதெல்லாம் தமக்குத் தெரியும். தம் முன் நல்லவராய் நடித்துப் பின்னால் சோம்பினால் உடனே கண்டுகொள்வார். இதுவே அவர் பேச்சின் சாரம்.

இந்த ஆசிரியரின் குரல் ஒரு தனிமனிதரின் குரலன்று. நிலத்தை அளந்து, மக்களை எண்ணி, பள்ளியை வகுத்த அலுவலகத்தின் குரல் அது. குடியேற்ற ஆட்சி எதுவாயினும் அதன் முதல் உரிமைக் கோரிக்கை நிலத்தின் மீதன்று, அறிவின் மீது. 'உங்களை நாங்கள் அறிவோம்' என்று சொல்லக் கூடியவன்தான் 'உங்களுக்கு வேண்டியதை நாங்கள் செய்வோம்' என்றும் சொல்ல முடியும்.

நகாஜிமா அக்குரலை மறுத்துரைக்கவில்லை. அதன் அருகே ஒரு கிழவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கதைசொல்லி பழம்பொருள்களில் ஈடுபாடுள்ளவர். தீவினரின் பழைய வழிபாட்டுப் பொருள்களையும் வீடுகளையும் சிறு மாதிரிகளாகச் செய்து தரும்படி மர்குப் என்ற கிழவரிடம் சொல்கிறார். கிழவர் முதலில் ஒழுங்காகச் செய்கிறார், பிறகு விலையை ஏற்றுகிறார், வேலையில் ஏமாற்றுகிறார். கதைசொல்லி கடிந்துகொண்டால் வாய் மூடி அமர்ந்திருக்கிறார். ஒரு நாள் அவர் எழுந்து சென்ற பின் பார்த்தால், கடிகாரத்தைக் காணவில்லை.

காலம் செல்கிறது. கிழவர் நோயாளியாகத் திரும்பி வருகிறார். அரசாங்க மருத்துவமனையில் குணமாகவில்லை. தீவில் நெடுநாள் வாழும் ஜெர்மானியப் பாதிரியாரிடம் மருந்துண்ண விரும்புகிறார். ஆனால் அனுமதி இன்றிச் சென்றால் மருத்துவமனைத் தலைவர் சினம் கொள்வாரே என்று அஞ்சுகிறார். தமக்காகச் சொல்லி அனுமதி வாங்கித் தர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கதைசொல்லி வாங்கித் தருகிறார். பிறகு கிழவர் இறந்துபோன செய்தி வருகிறது. அதன் பின், ஒருவரையொருவர் அறியாதவர்போல் மூவர், தனித்தனியே, ஆளுக்கொரு கோழி கொண்டுவந்து தருகின்றனர். இறந்தவர் கொடுக்கச் சொன்னாராம்.

கடிகாரத்தைத் திருடியவரும் அவரே. மரணப் படுக்கையில் மூன்று கோழிகளை ஏற்பாடு செய்தவரும் அவரே. ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்தால் வந்து சேராது என்று எண்ணியிருக்கலாம். இதில் நன்றியும் இருக்கிறது. மனிதரைப் பற்றிய அவநம்பிக்கையும் இருக்கிறது. கதைசொல்லியோ, பழகப் பழகத் தீவு மக்கள் தமக்கு மேலும் விளங்காமற் போகின்றனர் என்று ஒப்புக்கொள்கிறார். தொடக்கத்தில் முழங்கிய 'எனக்குத் தெரியும்' என்ற குரல், இந்த மூன்று கோழிகளின் முன் என்னாயிற்று என்பதை வாசகர்தாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. சாகப்போகும் ஒருவர் தாம் விரும்பும் மருத்துவரிடம் செல்ல ஓர் அதிகாரியின் முகக்குறிப்பை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. நகாஜிமா இதைக் கண்டித்து ஒரு சொல்லும் எழுதவில்லை. நடந்தது நடந்தபடி இருக்கிறது. கண்டனம் எழுதியிருந்தால் கதை அன்றே தணிக்கையாளர் மேசையில் முடிந்திருக்கும்.

நாடு கடத்தப்பட்ட சிறுவன்

'பவழ வளையம்' தொகுதியில் 'நெப்போலியன்' என்றொரு கதை. பெயரைக் கேட்டுச் சிரிப்பவர் கதையின் முடிவில் சிரிக்க மாட்டார். கொரோரில் குற்றம் புரிந்த தீவுச் சிறுவன் ஒருவனைக் காவல் துறை தெற்கே ஒரு சிறு தீவுக்கு நாடு கடத்தியிருக்கிறது. அங்கும் அடங்காததால், இன்னும் தொலைவான தீவுக்கு மாற்ற உத்தரவு. கப்பலில் காவலர் கேட்கும் எதற்கும் அவன் வாய் திறப்பதில்லை. பலாவ் மொழியையே அவன் மறந்துவிட்டதாகச் சொல்கின்றனர். தாய்மொழியை மறந்தானா, மறந்ததாகக் காட்டுகிறானா? இக்கதையை எழுதியவர், அந்தச் சிறுவனைப் போன்றோர்க்கு ஜப்பானிய மொழி கற்பிக்கும் நூலைத் திருத்திக்கொண்டிருந்தவர் என்பதை நினைவிற் கொண்டால், இவ்வினா அவர் பதவியையே உரசிச் செல்வது விளங்கும்.

'தனிமைத் தீவு' என்னும் மற்றொரு சித்திரத்தில், ஒரே ஒரு சிறுமியைத் தவிரக் குழந்தைகளே இல்லாத தீவொன்று வருகிறது. காரணம் எவருக்கும் தெரியவில்லை. சர்வதேச சங்கத்தின் பொறுப்பாட்சிக் குழு, யாப் தீவின் மக்கள்தொகை குறைந்துவருவது பற்றி ஜப்பானிடம் மீண்டும் மீண்டும் வினவிய வரலாறு உண்டு. அறிக்கைகளில் எண்ணாக இருந்தது, இங்கே தனியே விளையாடும் ஒரு சிறுமியாக நிற்கிறது.

மரியானின் புத்தக அலமாரி

இக்கதைகளுள் நெஞ்சில் நெடுநாள் நிற்பது 'மரியான்'. மரியான் பலாவ் பெண்; தோக்கியோவில் சிறிது காலம் படித்தவள். கதைசொல்லியின் நண்பரான 'எச்' என்பவர் தீவின் பழங்கதைகளைத் தொகுத்து மொழிபெயர்க்கத் துணைபுரிபவள். பலாவில் நெடுங்காலம் வாழ்ந்த சிற்பியும் ஆய்வாளருமான ஹிஜிகதா ஹிசகட்சுவே இந்த 'எச்' என்பது அறிந்ததே. மரியானின் வீட்டில் கதைசொல்லி இரண்டு புத்தகங்களைக் காண்கிறார். ஒன்று, ஆங்கிலக் கவிதைகளுக்கு ஜப்பானிய அறிஞர் எழுதிய விளக்கநூல். மற்றொன்று, பிரெஞ்சு எழுத்தாளர் பியேர் லோத்தி தாஹித்திப் பெண்ணுடன் கொண்ட உறவைப் பற்றி எழுதிய 'லோத்தியின் திருமணம்' நூலின் ஜப்பானிய மொழிபெயர்ப்பு. கதைசொல்லி ஏனோ கூசுகிறார்.

அந்தக் கூச்சமே கதையின் உயிர்நிலை. தென்கடல் பெண்ணைப் பற்றி வெள்ளையர் கண்ட கனவை, ஜப்பானியர் மொழிபெயர்த்து அச்சிட்டு அனுப்ப, அதைத் தென்கடல் பெண்ணே படித்துக்கொண்டிருக்கிறாள். படித்துவிட்டு மயங்கவும் இல்லை. அது பழைய காலம், வேறு தீவு என்றாலும், இப்படியெல்லாம் இருந்திருக்காது என்று குறை சொல்கிறாள். தீவினரை அறிவோம் என்று முழங்கிய ஆசிரியர்க்கு எதிராக, தன்னைப் பற்றி எழுதப்பட்ட நூலைத் தானே திறனாய்வு செய்யும் பெண்!

'நண்பகல்' என்ற சித்திரத்தில் நகாஜிமா இவ்வினாவைத் தம் பக்கமே திருப்பிக்கொள்கிறார். கடற்கரை நிழலில் சாய்ந்திருக்கும் கதைசொல்லியை உள்ளிருந்து ஒரு குரல் கேலி செய்கிறது. நீ காண்பது தீவு மக்களையன்று, கோகேன் ஓவியங்களின் நகல்களை. நீ காண்பது இந்தத் தீவுகளையன்று, லோத்தியும் மெல்வில்லும் வரைந்துவிட்டுப் போன சித்திரங்களின் மங்கிய சாயலை என்று அது இடித்துரைக்கிறது. குடியேற்ற நாடுகளைப் பற்றி எழுதிய எத்தனை எழுத்தாளர் இத்தகைய வாக்குமூலத்தைத் தந்திருக்கின்றனர்?

சொல்லாமல் விட்டது

இவ்வளவும் பாராட்டு. இனி, குற்றச்சாட்டு.

பலாவுக்குக் கப்பலேறுமுன் நகாஜிமா எழுதி முடித்து, 1942இல் வெளியான நாவல் 'ஒளியும் காற்றும் கனவும்'. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் சமோவா தீவில் கழித்த இறுதிக் காலமே அதன் பொருள். அங்கே ஜெர்மானியத் தோட்டக் கம்பெனி வருகிறது. அதன் நலனுக்காகத் தீவின் அரசியலில் கைவைக்கும் வெள்ளை அதிகாரிகள் வருகின்றனர். அவர்களை எதிர்த்துத் தீவினர் பக்கம் நின்ற ஸ்டீவன்சனின் சினமும் வருகிறது. கம்பெனியும் தூதரகமும் கைகோத்தால் ஒரு தீவு என்னாகும் என்பதை நகாஜிமா நன்கறிந்திருந்தார் என்பதற்கு அந்த நாவலே சான்று.

அதே எழுத்தாளர் தம் நாட்டின் கம்பெனியும் தம் நாட்டின் அலுவலகமும் ஆளும் தீவுகளுக்குச் சென்று ஒன்பது மாதம் சுற்றினார். சைப்பானுக்கும் சென்றார். திரும்பி வந்து எழுதிய கதைகளில் கரும்பு வெட்டுபவன் எதற்கும் நாயகன் இல்லை. ஆலையின் சங்கொலியைச் சுற்றி எந்தக் கதையும் எழவில்லை. அங்காவுர் சுரங்கத்தின் வெள்ளைத் தூசி எந்தப் பாத்திரத்தின் மீதும் படியவில்லை. பிறர் பேரரசைப் பற்றி எழுதியபோது கம்பெனி இருந்தது. தம் பேரரசைப் பற்றி எழுதியபோது கம்பெனி மறைந்துவிட்டது.

காலத்தின் கொடுமை என்று சிலர் வாதிடுவர். வாதத்தில் நியாயம் உண்டு. 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டது. 1942இல் தென்கடல் பற்றி ஜப்பானில் அச்சானவை பெரும்பாலும் வெற்றி முழக்கங்கள். அந்த ஆரவாரத்தினிடையே, திருடிய கிழவரையும் ஊமையான சிறுவனையும் பற்றி எழுதியதே துணிவுதான். வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவர் வெளிப்படையாகவே இருந்தார். தீவு மக்கள் வேலைக்கு இழுக்கப்பட்டும் உணவின்றியும் வாடும்போது பாடநூல் திருத்துவது பொருளற்றது. அவர்களுக்கு வேண்டியவை உணவும் உறைவிடமுமே என்னும் எண்ணம் அவற்றில் தெரிகிறது. 1942 மார்ச்சில் திரும்பி வந்தவர், அவ்வாண்டிலேயே பதவியையும் துறந்தார்.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட பின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. தீவினரைப் புரிந்துகொள்ள முடியாது என்ற அடக்கம் அழகியதே. ஆனால் கிழவரின் உள்ளம் புரியாதிருக்கலாம். கிழவரின் நிலம் எப்படிக் குத்தகைக்குப் போயிற்று என்பது புரியாத புதிர் அன்று. அது பதிவேட்டில் இருந்தது. அவர் அமர்ந்திருந்த அலுவலகத்திலேயே இருந்தது. மனித மனத்தின் இருளைக் கண்டு வியந்த எழுத்தாளர், பக்கத்து மேசையின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கவில்லை. கதை வரிகளில் நுழையாமல் நின்றுவிட்டது அந்தக் கரும்பு வரியே.

ஆயினும், பொய் எழுதாதவனையும் முழு உண்மை எழுதாதவனையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. நகாஜிமா பொய் எழுதவில்லை. தம் ஆட்சி தீவினர்க்கு ஒளி கொணர்ந்தது என்று ஒரு வரியும் எழுதவில்லை. 'மரியான்' கதையின் முடிவில் அவள் சொல்லும் குறை ஒன்றுண்டு. ஜப்பானியரோடு எவ்வளவுதான் நட்புக் கொண்டாலும், நாடு திரும்பியவர் எவரும் மீண்டு வந்ததில்லை என்பதே அது. கதைசொல்லியும் திரும்பவில்லை, நண்பரும் திரும்பவில்லை. அக்குறையைக் கதையின் கடைசியில் நிறுத்திய கை, தன் மீதும் தீர்ப்பெழுதிக்கொண்ட கை.

எழுத்தர் மறைந்து ஈராண்டுக்குள் போர் அத்தீவுகளைத் தேடி வந்தது. 1944இல் சைப்பான், தினியன் வீழ்ந்தன. கரும்பு வயல்கள் விமானத் தளங்களாயின. 1945 ஆகஸ்டில் அணுகுண்டு சுமந்த விமானங்கள் தினியனிலிருந்தே புறப்பட்டன. கம்பெனி கலைக்கப்பட்டது, ஆட்சியகம் மறைந்தது. சர்க்கரை வேந்தர் எனப் பெயர்பெற்ற மட்சுயேக்கு 1934இல் எழுப்பிய சிலை மட்டும் சைப்பானில் இன்றும் நிற்கிறது.

நகாஜிமாவுக்கும் ஒரு நினைவுச் சின்னம் வாய்த்தது. அவர் எழுதிய, புலியாக மாறிய கவிஞனின் கதை, போருக்குப் பின் ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்று, தலைமுறை தலைமுறையாகப் பயிலப்படுகிறது. பாடநூல் திருத்தச் சென்று அதில் நம்பிக்கை இழந்தவர், தாமே பாடநூலில் குடியேறிவிட்டார். அப்புலிக் கதையைப் படித்து வளரும் மாணவர்களுள் எத்தனை பேர் மர்குப் கிழவரின் கோழிகளைத் தேடிச் செல்கின்றனர்? தேடிச் செல்பவர்க்கு ஒன்று சொல்லலாம்: கதையோடு நின்றுவிட வேண்டா, கணக்கேட்டையும் உடன் புரட்டுங்கள். எழுத்தாளர் விட்டுச்சென்ற வேலை அது.